இருபத்தாறு மாடிக் குன்று

என் வீட்டுக்காரர் வடிவேலு எதையும் மீட்டரில் அளக்க மாட்டார். அவருக்கு உயரம் என்றால் மாடிதான். தென்னை மரம் நாலு மாடி. பெருமாள் கோயில் கோபுரம் ஏழு மாடி. எங்கள் மகள் இனியா கட்டிக்கொள்ளப் போகிற பையனை முதல் தடவை பார்த்துவிட்டு வந்தவரிடம், ஆள் எப்படி என்று ஆவலாகக் கேட்டேன். "அரை மாடிக்கு மேல இருப்பான்" என்றார். குணம் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும், என் தப்பு.

முப்பத்தெட்டு வருஷம் மின்தூக்கி பழுதுபார்த்த மனிதர் வேறு எப்படிப் பேசுவார்? தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சி முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவர். காலையில் வெளுத்த சட்டையோடு போவார், சாயங்காலம் மசகு எண்ணெய் நாற்றத்தோடு வருவார். கல்யாணமான புதிதில் அந்த நாற்றம் எனக்குக் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. இப்போது எங்கேயாவது அந்த வாசம் அடித்தால் திரும்பிப் பார்க்கிறேன், என்ன செய்வது.

பேச்சு குறைவு. எனக்கு நேர்மாறு. நான் பலதுறை மருந்தகத்தில் பதிவு முகப்பில் இருபத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வரிசை எண்ணைத் தொலைத்தவர், முறையில்லாமல் முந்தி வருபவர், அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் என்று ஒரு நாளைக்கு நூறு பேரோடு மல்லுக்கு நிற்கிற வாய் எனக்கு. சரஸ்வதி என்று பெயர் வைத்ததற்கு நாக்கில் ஏதாவது இருக்க வேண்டாமா என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அவர் தன் வேலையைப் பற்றி ஆசையாகச் சொன்ன கதை ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூரில் வீவக என்கிற அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று தாவித் தாவி நிற்கும். நடுவில் இருக்கிறவர்கள் மூட்டை முடிச்சோடு படி ஏறி இறங்க வேண்டும். பிறகு எல்லா மாடியிலும் நிற்கிற மாதிரி மாற்றிக் கட்டினார்கள், இவர் அந்த வேலையில் பல வருஷம் ஓடினார். ஒரு புளோக்கில் வேலை முடிந்த அன்று மூன்றாம் மாடி மலாய்க்கார அம்மா ஒருவர் வந்து பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது. உள்ளே போனவர் கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார். எங்கேயும் இறங்கவே இல்லை. இவர் கருவிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாராம். "மூணு ரவுண்டு போனாங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்பார். அத்தோடு கதை முடிந்துவிடும்.

வேலை ஓய்வு கிடைத்த பிறகு பிடித்தது சனியன். செங்காங்கில் எங்கள் புளோக் பதினாறு மாடி. கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்கு எதிரே ஒரு கல் பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பி லிப்டில் ரோலர் தேய்ந்துவிட்டது என்று எச்சரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் பதினொரு மாடி படியேறி வந்து என்னிடம் முறையிட்டார். எனக்கு வந்ததே கோபம். முப்பத்தெட்டு வருஷமாக ஊரையெல்லாம் மேலே ஏற்றினீர்களே, நீங்கள் எங்கேயாவது போய் ஏறிவிட்டு வாருங்கள் என்று விரட்டிவிட்டேன்.

மனிதர் நிஜமாகவே போய்விட்டார். சாங்கிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து பம்போட் என்கிற மோட்டார் படகில் புலாவ் உபின் தீவுக்குப் போய், அங்கே இருக்கிற புவாக்கா குன்றில் ஏறிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார். முகம் சிவந்திருந்தது. சட்டை பிழிந்தால் ஒரு வாளி நிறையும். "எழுபத்து நாலு மீட்டர்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை மீட்டரில் சொல்கிறாரே என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். "அதாவது இருபத்தாறு மாடி. நம்ம புளோக்க விட பத்து மாடி ஜாஸ்தி. லிப்ட் கிடையாது."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறியதில்லை. வெறும் இருபத்தாறு மாடிக் குன்றை வைத்துக்கொண்டு அந்த மனிதர் செய்த அலப்பறை இருக்கிறதே, இமயமலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கூட அவ்வளவு செய்ய மாட்டார். தெரிந்தவர் எல்லோரையும் அழைத்துப் போனார். படகில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும் என்பதால், ஆள் குறைந்தால் படித்துறையில் நிற்கிற முன்பின் தெரியாத ஆட்களைக்கூட வாங்க வாங்க என்று கூப்பிட்டு நிரப்புவார். வீட்டில் பத்து வார்த்தை பேசாத வாய், அங்கே இறங்கியதும் திறந்துகொள்ளும். கிராமத்து வாடகை சைக்கிள் கடைகளில் எந்தக் கடை சைக்கிளில் பிரேக் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கிழக்குக் கோடியில் செக் ஜாவா கடற்கரை, வற்றின கடலில் நண்டு நடப்பதைப் பார்க்க மரப்பாலம். அதற்குப் பக்கத்தில் பழைய ஆங்கிலேய பாணி பங்களா ஒன்று, வரவேற்பறையில் கணப்பு அடுப்போடு. வேர்த்து வழிகிற ஊரில் எவனோ குளிர் காய நினைத்திருக்கிறான் பார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பார். மேற்கே காட்டுக்குள், தீவில் இறந்து சாமியாகிவிட்ட ஜெர்மானியப் பெண் ஒருத்திக்குக் கட்டின சின்னக் கோயில். அங்கே சாமிக்கு நகப்பூச்சும் வாசனைத் திரவியமும் கண்ணாடியும் படைப்பார்கள். நானும் ஒரு தடவை போய் நெற்றிப் பொட்டு அட்டை ஒன்றை வைத்துவிட்டு வந்தேன், அவளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று.

இனியாவுக்கும் ராஜீவுக்கும் பேசி முடித்தது போன வருஷம் ஐப்பசியில். ராஜீவ் கிளமெண்டியில் தாயோடு இருக்கிறான். அவனுக்கு ஏழு வயதாகும்போது அப்பா தவறிவிட்டார். தாய் சந்திரமதி பாலர் பள்ளி ஆசிரியை. சின்னக் குழந்தைகளோடு பேசிப் பேசி அவருக்குக் குரலே உயராது. தனி ஆளாக நின்று மகனைப் பொறியாளராக்கியவர். கணவரின் அண்ணன் கோவிந்தசாமி பக்கத்துணையாக இருந்து பள்ளிக்கூடம், மருத்துவம் என்று எல்லாவற்றுக்கும் ஓடியிருக்கிறார். நல்ல மனிதர், கொஞ்சம் சட்டதிட்டக்காரர். இரண்டு முழங்காலிலும் வலி.

நிச்சயதார்த்தம் சிராங்கூன் சாலையில் மூன்றாம் மாடி மண்டபம் ஒன்றில் என்று முடிவாகிவிட்டது. அதற்கு மூன்று வாரம் முன்னால் சந்திரமதி என்னைக் கைப்பேசியில் அழைத்தார். சாப்பாட்டு வகை, வருகிறவர் எண்ணிக்கை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் ஒரு விஷயம் சொன்னார். தட்டு மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டுத் தட்டை மச்சாண்டார் கோவிந்தசாமியும் அவர் மனைவியும் கொடுப்பார்கள், தான் பின்னால் நின்றுகொள்வதாக. புருஷன் இல்லாதவர் மங்கலத் தட்டில் கை வைப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லையாம். குரலில் வருத்தம்கூட இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க" என்றேன். நூறு பேரோடு மல்லுக்கு நிற்கிற வாய் இந்த ஒரு இடத்தில் மூடிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தில் பெண் வீட்டுக்காரி மூக்கை நுழைத்தால் நாளைக்கு என் மகளுக்குத்தானே இடி என்று பயம். ஆனால் அந்தச் 'சரிங்க' என்னை மூன்று நாள் குடைந்தது. பெற்றவள், வளர்த்தவள், அவள் மகன் நிச்சயத்தில் அவள் தட்டைத் தொடக்கூடாதாம். கோபம் யார் மேல் என்று தெரியாமல் மருந்தகத்தில் இரண்டு பேரைக் காரணமில்லாமல் கடிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சப்பாத்தி போட்டுக்கொண்டே இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவர் சாப்பிட்டார். கை கழுவினார். கழன்றிருந்த அலமாரிக் கைப்பிடியைத் திருகு வைத்து இறுக்கினார். என் கோபம் இப்போது சரியான ஆளின் மேல் திரும்பியது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லக் கூடாதா என்று கத்தினேன். கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவைக் குன்றுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டார்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இனியா அதைப் பிடித்துக்கொண்டாள், ராஜீவிடம் சொன்னாள், அவன் அம்மாவிடம் சொன்னான், சந்திரமதி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கோவிந்தசாமியையும் முறையாகக் கூப்பிட்டோம். முழங்காலைக் காட்டி, நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

போவதற்கு முன்னால் இவர் ஒரே ஒரு கட்டளை போட்டார், மூன்று தடவை போட்டார். "அங்க காட்டுப் பன்னி இருக்கு, குரங்கு இருக்கு. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துரும். தீனி எதுவும் பையில தூக்கிட்டு வராத." டிபன் என்றால் மூடி போட்ட டப்பாவில் அவர் முதுகுப் பையில்தான் வரவேண்டும்.

நான் கேட்பேனா? சம்பந்தியை முதல் தடவையாக வெளியே அழைத்துப் போகிறோம், வெறுங்கையோடு எப்படிப் போவது? சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய், இரண்டு முழம் மல்லிகை, ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சு போட்டேன். மலை ஏறப் போகிறவளுக்கு வெற்றிலை பாக்கு எதற்கு என்று கேட்டால் பதில் இருக்கிறது. என் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. அங்கே உறவுக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவேளை, ஒருவேளை அங்கேயே சந்திரமதி கையால் ஒரு தட்டு மாறினால்? அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சாங்கி படித்துறையில் ஐந்து பேரும் கூடினோம். சந்திரமதி பருத்திப் புடவையும் அதற்குக் கீழே வெள்ளை ஓட்டக் காலணியுமாக வந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை. தூக்கிக்கொள்கிறேன் என்று ராஜீவ் கேட்டதற்குக் கொடுக்கவில்லை. சைக்கிள்காரர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள், ஒன்பதாயிற்று. இவர் படித்துறையில் நின்று மூன்று பேரைப் பிடித்துவந்தார், எங்கிருந்தோ வந்த மாணவிகள். பன்னிரண்டு ஆனதும் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். தண்ணீர் முகத்தில் தெறித்தபோது சந்திரமதி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். சிங்கப்பூரில் ஐம்பத்தாறு வருஷமாக இருக்கிறேன், இந்தத் தீவுக்கு வந்ததில்லை என்றார்.

கிராமத்தில் இறங்கி, சைக்கிள் கடைகளைத் தாண்டி, சீனக் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தோம். பழைய கற்சுரங்கக் குழியில் தண்ணீர் நிறைந்து குளமாகியிருக்கிறது, நடுவில் மரங்களில் நாரைகள். இவர் ஒவ்வொன்றுக்கும் மாடிக் கணக்கு சொல்லிக்கொண்டே வந்தார். சந்திரமதி பாலர் பள்ளிப் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்று கண்ணை விரித்துக் கேட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குன்றின் அடிவாரத்தில் காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன். சிவப்புப் பை சரசரத்தது. அவ்வளவுதான், புதருக்குள் ஏதோ உறுமியது.

தாய்ப் பன்றி ஒன்று, குட்டிகள் மூன்று. என்னை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நேராகப் பைக்கு வந்தது, கடித்து ஒரு உதறு உதறியது. முடிச்சு அவிழ்க்காமலே எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மெதுவாகப் பின்னால் வரவேண்டும் என்று இவர் சொன்னார். நான் மெதுவாகப் பின்னால் வந்து இவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பன்றி வாழைப்பழத்தைத் தோலோடு சாப்பிட்டது. குட்டிகள் மல்லிகையை மிதித்தன. பழம் முடிந்ததும் தாய்ப் பன்றி வெற்றிலைக் கவுளியை ஒரு வாய் போட்டுப் பார்த்து, நின்று நிதானமாக மென்றது.

"அப்பா மூணு வாட்டி சொன்னாரு லா" என்றாள் இனியா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆசை ஆசையாக வாங்கியது, அதுவும் யாரிடமும் சொல்லாத ஆசை. இவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த நேரத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பான்.

முதலில் சிரித்தது சந்திரமதிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "நம்ம வீட்டுக் கல்யாணத்துல முதல் பந்தி இவங்களுக்குத்தான் போலிருக்கு சம்பந்தி" என்றார். பிறகு ஐந்து பேரும் சிரித்தோம். பன்றிக் குடும்பம் பாக்கு வரைக்கும் பார்த்துவிட்டு, தாம்பூலம் தரித்த திருப்தியோடு காட்டுக்குள் போய்விட்டது.

முழுசாகத் தேறியது சாலையோரச் சாக்கடைக்குள் உருண்டுபோன தேங்காய் ஒன்றுதான். ராஜீவ் இறங்கி எடுத்துவந்தான். குங்குமப் பொட்டலம் அதன் மேலேயே வெடித்திருந்தது, நாரெல்லாம் சிவப்பு. மல்லிகையில் மிதிபடாத ஒரு சாண் துண்டைக் கிள்ளி வைத்துக்கொண்டேன்.

ஏறினோம். இருபத்தாறு மாடியில் எட்டாம் மாடிவரை நான் பேசினேன், அதற்கு மேல் மூச்சு மட்டும்தான். பாதை திரும்பின இடத்தில் இருவாய்ச்சிப் பறவை ஒன்று தலைக்கு மேலே இறக்கையால் காற்றை அறைந்துகொண்டு போனது. உச்சியில் பாறை. கீழே கற்சுரங்கக் குளம் பச்சைப் பசேலென்று, அதைச் சுற்றி வெட்டி நிறுத்திய கருங்கல் சுவர். அதற்கப்பால் காடு, அதற்கப்பால் கடல். காற்று வந்து வேர்வையைத் தொட்டபோது, இதற்குத்தான் இந்த மனிதர் வாராவாரம் ஓடிவருகிறார் என்று எனக்கு விளங்கியது. மனசு அப்படி லேசாகிவிட்டது.

எல்லோரும் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு சந்திரமதி துணிப்பையைத் திறந்தார். உள்ளே பழைய துண்டில் சுற்றிய ஒரு வெள்ளித் தட்டு. ஓரத்தில் மாங்காய்ப் பூவேலை.

"இது என் நிச்சயத்துக்கு அம்மா வீட்டுல வாங்கினது. ஹால்ல தட்டு மச்சாண்டார் வீட்டு அக்கா கையாலதான் வரும். அதனால இத இங்கயே பிள்ளைகிட்ட கொடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன். சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்றார்.

இனியா தட்டை வாங்கக் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று நாள் குடைந்த அந்தச் 'சரிங்க' அப்போதுதான் தொண்டையை விட்டு இறங்கியது.

"சும்மா எதுக்குக் கொடுக்கணும்? தேங்காய் இருக்கு, பூ இருக்கு. இங்கயே தட்டு மாத்திக்கலாம் சம்பந்தி. நீங்களும் நானும்."

சந்திரமதி தட்டை மடியோடு அணைத்துக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தன் கை பட்டு, நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூடத் தன்னால்தான் என்று தனக்கே தோன்றும், வேண்டாம் என்றார். மச்சாண்டார் செய்த உபகாரத்துக்கு அவரை மீறி நடப்பதும் முறையில்லை என்றார். ராஜீவ் "அம்மா" என்று தொடங்கிவிட்டுப் பாறையைப் பார்த்தான். ஆசையாகச் செய்யப் போனது அவரை நோகடித்துவிட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது இவர் பேசினார். குளத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"லிப்ட்ல ஆள் கூடிப்போச்சுன்னா மணி அடிக்கும். அடிச்சா கடைசியா ஏறினவங்கதான் இறங்கணும். எந்த புளோக்குக்குப் போனாலும் அதான் முறை. நீங்க இந்தப் பிள்ளை பிறந்த அன்னிக்கே ஏறினவங்க சம்பந்தியம்மா. நாங்கள்லாம் அப்புறம் ஏறினவங்க. மணி அடிச்சா நாங்க இறங்குறோம். நீங்க ஏன் இறங்கணும்?"

எனக்குத் தெரிந்து அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. சந்திரமதி தட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"இப்ப மணி அடிச்சா?"

இவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், எங்கள் புளோக்கின் கல் பெஞ்சில் சாய்ப்பாரே, அதே மாதிரி. உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டார். நாங்களும் கேட்டோம். காற்றும் ஏதோ பறவையும்தான்.

"அடிக்கலியே" என்றார்.

சந்திரமதி எழுந்து தேங்காயைக் கையில் எடுத்தார். குங்குமம் அவர் உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒரு கணம் அதைப் பார்த்தார். துடைக்கவில்லை. தேங்காயைத் தட்டில் வைத்தார். ராஜீவ் களைப்புக்கு வைத்திருந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்தான். ஆரஞ்சை ஜோடியாகக் கொடுத்தால் மங்கலம் என்று சிங்கப்பூரில் யாருக்குத்தான் தெரியாது? எங்கள் பக்கத்துக்குத் தட்டு இல்லை. இவர் டிபன் டப்பா மூடியைக் கழற்றித் துடைத்து நீட்டினார். அதில் ஒரு சாண் மல்லிகையும் டப்பாவில் இருந்த ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் வைத்தேன். சந்திரமதி வெள்ளித் தட்டை நீட்ட, நான் எவர்சில்வர் மூடியை நீட்ட, கிழக்கு எது என்று இவர் கைப்பேசியில் பார்த்துச் சொல்ல, தட்டு மாறியது. இனியாவும் ராஜீவும் அந்தச் சிவந்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு வேர்க்கடலையை ஐந்து பேரும் பங்கு போட்டுத் தின்றோம். அவ்வளவு ருசியான நிச்சயதார்த்த விருந்து நான் சாப்பிட்டதில்லை.

சாங்கிக்குத் திரும்பியதும் சந்திரமதி காப்பிகூடக் குடிக்காமல் கோவிந்தசாமிக்குப் போன் போட்டார். மறைத்து வைப்பது தனக்கு வராது என்றார். நடந்ததைப் பன்றி உட்பட ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் "ம்" என்று ஒரு சத்தம், பிறகு "சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான். இரண்டு வாரம் அங்கிருந்து பேச்சே இல்லை. சந்திரமதியிடம் மறுபடி பேசிப் பார்க்கச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றார். அந்தக் குரலில் முன்பு இல்லாத ஒரு திடம் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று சிராங்கூன் சாலையில் மண்டபத்துக் கீழே கூடினோம். கோவிந்தசாமியைக் காணவில்லை. நேரமாகிவிட்டது என்று எல்லோரும் தட்டுகளோடு மின்தூக்கிக்குள் ஏறினோம். முதலில் சந்திரமதி, பிறகு பிள்ளைகள், நான், இவர், இரண்டு பக்கத்து உறவுகள் என்று அடைசலாக நின்றோம். கதவு மூடப்போகும் நேரத்தில் வெளியே ஒரு குரல். வெள்ளை வேட்டி சட்டையில் கோவிந்தசாமி, கையில் பூவும் பழமும் அடுக்கிய பெரிய தாம்பாளம், பின்னால் அவர் மனைவி. அவர் நொண்டிக்கொண்டே வர, இரண்டு பேரும் ஏறினார்கள்.

மணி அடித்தது.

எல்லோரும் கூரையைப் பார்த்தோம். சந்திரமதி பழக்கதோஷத்தில் "நான் அடுத்ததுல வரேன்" என்று ஆளை விலக்கிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தார். எப்போதும் இறங்குகிறவர் அவர்தானே. கோவிந்தசாமி கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ எங்கம்மா போற சந்திரா? கடைசியா ஏறினது நாங்கதானே."

மனைவியை முதலில் இறக்கிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கினார். பிறகு தாம்பாளத்தைச் சந்திரமதியின் இரண்டு கையிலும் வைத்தார்.

"இத நீயே எடுத்துட்டு மேல போ. தட்ட நீயே கொடு. நாங்க பின்னால வரோம்."

குன்றில் இவர் சொன்னதையும் சந்திரமதி போனில் அவரிடம் சொல்லியிருந்தாரா, இல்லை மனிதருக்குத் தானாக வந்த வார்த்தையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மணி நின்றுவிட்டது, கதவு மூடியது. சந்திரமதி தாம்பாளத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார், நானும்தான். என் வீட்டுக்காரர் மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூன்றாம் மாடி வரை அந்த மின்தூக்கி ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.